முகத்து எலும்பில் ஆறு துளைகள்: ஆளுக்கு ஆள் இடம் மாறுவதால் அறுவை சிகிச்சையில் என்ன சிக்கல்?

ஆள்காட்டி விரலைப் புருவத்துக்குக் கீழே, கண்குழியின் மேல் விளிம்பில் வையுங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். முகத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படலாம். கொஞ்சம் அழுத்தினால் சுரீர் என்று இருக்கும்.

எதுவும் தட்டுப்படவில்லையா? பயப்பட வேண்டாம். இடது பக்கம் தட்டுப்படுகிறது, வலது பக்கம் இல்லையா? அதுவும் சகஜம்தான். உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னால், அவருக்கு வேறு மாதிரி இருக்க வாய்ப்பு அதிகம்.

திருமலை கல்யாணகட்டாவில் மொட்டை போட்டுக்கொண்டு வெளியே வருபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முடி போனதும்தான் ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு வடிவம் இருப்பது கண்ணில் படும். முகத்துத் தோலுக்கு அடியில் இருக்கும் எலும்பும் அப்படித்தான். அதில் உள்ள துளைகளின் இடம், எண்ணிக்கை, அளவு, திசை எல்லாமே மாறும். கேட்க சாதாரணமாக இருக்கும் இந்த விஷயம், பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரும்போதும் விபத்தில் கன்ன எலும்பு உடையும்போதும் ரொம்ப முக்கியமாகிவிடுகிறது. ஏன்?

எலும்பில் துளை எதற்கு?

மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவது ஜோடிக்கு ட்ரைஜெமினல் என்று பெயர். முகத்தில் தொடுதல், வலி, சூடு, குளிர் எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது பெரும்பாலும் இதுதான். இதற்கு மூன்று கிளைகள். ஒன்று நெற்றிக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று கீழ்த்தாடைக்கு.

இந்த நரம்புகள் மண்டை ஓட்டின் உள்ளிருந்து தோலுக்கு வர எலும்பைத் தாண்ட வேண்டும். வீட்டில் சுவருக்குள் பதித்த குழாய் வழியாக ஒயர் வந்து, ஒரு பாயின்ட்டில் வெளியே எட்டிப் பார்க்கிறதே, அதே மாதிரிதான். நரம்போடு சேர்ந்து ரத்தக் குழாயும் அந்தத் துளை வழியாக வரும்.

முகத்தின் முன்பக்கத்தில் முக்கியமான துளைகள் மூன்று ஜோடி, அதாவது மொத்தம் ஆறு.

முதல் ஜோடி புருவத்துக்கு அடியில். பெயர் சுப்ராஆர்பிட்டல். நெற்றிக்கும் தலை உச்சி வரைக்குமான உணர்ச்சி இந்த வழியாக வருகிறது.

இரண்டாவது ஜோடி கண்ணுக்குக் கீழே, கன்னத்தில். பெயர் இன்ஃப்ராஆர்பிட்டல். கீழ் இமை, மூக்கின் பக்கவாட்டு, கன்னம், மேலுதடு இதன் பொறுப்பு.

மூன்றாவது ஜோடி கீழ்த்தாடையில், கடவாய்ப் பற்களுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப் பற்களின் வேருக்கு அருகில். பெயர் மென்டல் ஃபோராமென். 'மென்டல்' என்றதும் மனசு என்று நினைக்க வேண்டாம். லத்தீனில் 'மென்டும்' என்றால் முகவாய். கீழுதடும் முகவாயும் இதன் பொறுப்பு. பல் பிடுங்க ஊசி போட்டதும் கீழுதடு பாதி மரத்துப்போய், தண்ணீர் குடித்தால் சட்டையில் வழியுமே, அந்த அனுபவத்துக்குக் காரணம் இந்த நரம்புப் பாதைதான்.

பாடப் புத்தகப் படத்தில் இந்த மூன்று துளைகளும் கண்மணிக்கு நேராக, ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் அழகாக வரிசையாக இருக்கும். நிஜத்தில்?

பிளான் ஒன்று, வீடு வேறு

கட்டட பிளானில் காட்டிய இடத்தில்தான் எலக்ட்ரீஷியன் ஒயரை இழுத்திருப்பார் என்று நம்பி யாரும் சுவரில் ட்ரில் போட மாட்டோம். எலும்பிலும் அந்த எச்சரிக்கை தேவை.

புருவத் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது விளிம்பில் வெட்டிவிட்ட மாதிரி திறந்த பள்ளம். சிலருக்கு நாலு பக்கமும் எலும்பு சூழ்ந்த முழுத் துளை. பள்ளத்தின் வாயை மூடியிருக்கும் தசைநார் எலும்பாக இறுகிவிட்டால் பள்ளம் துளையாகிவிடும். 1986-ல் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணரின் குழு வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதி மண்டை ஓடுகளில் இரு பக்கமும் பள்ளம் இருந்தது. கால்வாசியில் இரு பக்கமும் துளை. மீதிக் கால்வாசியில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் துளை. அதாவது நாலு பேரில் ஒருவருக்கு இடதும் வலதும் ஒன்றாக இல்லை.

கன்னத்துத் துளை பொதுவாகக் கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து 6 முதல் 10 மி.மீ. கீழே இருக்கும் என்பார்கள். ஆனால் சிலருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு துளை. அபூர்வமாக அதற்கும் மேல்.

தாடைத் துளையில் வயதும் சேர்ந்து விளையாடும். இளம் வயதில் தாடை எலும்பின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவில் இருக்கும். பல்லெல்லாம் விழுந்த பிறகு, பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துகொண்டே வரும். துளை தன் இடத்திலேயே இருக்க, மேல் விளிம்பு அதை நோக்கி இறங்கிவிடும். பல் செட் மாட்டும் தாத்தா, பாட்டிகளில் சிலர் "செட்டு வச்சா தாடை சுரீர்னு குத்துது" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். செட் நேரடியாக நரம்பை அழுத்துகிறது.

ஏன் இப்படி மாறுகிறது? கருவில் நரம்புதான் முதலில் வழி பிடிக்கிறது. எலும்பு பிறகு அதைச் சுற்றி உருவாகிறது. எலும்பு மூடும் முன்பே நரம்பு இரண்டாகப் பிரிந்துவிட்டால் இரண்டு துளை. அதனால் கூடுதல் துளை ஒரு நோய் இல்லை, குறையும் இல்லை. 1967-ல் பெர்ரி, பெர்ரி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மண்டை ஓட்டில் ஆளுக்கு ஆள் மாறும் 30 அடையாளங்களைத் தொகுத்தார்கள். அந்தப் பட்டியலில் புருவத் துளையும் கன்னத்தின் கூடுதல் துளையும் உண்டு.

அறுவை சிகிச்சையில் எங்கே இடிக்கும்?

மூன்று சூழலைப் பார்ப்போம்.

ஒன்று, மரத்துப்போகும் ஊசி. நெற்றியில் வெட்டுக்காயம், உதடு கிழிந்தது என்றால் காயத்தைச் சுற்றிப் பல ஊசி போடாமல், நரம்பு வெளியே வரும் துளையின் வாசலில் ஒரே ஊசி போட்டால் அந்தப் பகுதி முழுக்க மரத்துவிடும். உதடு பிளவோடு பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்கும். அப்போது கன்னத்தின் இரு துளைகளுக்கு அருகிலும் மருந்து போட்டால், பிறகு வலி மருந்து குறைவாகவே தேவைப்படும். ஆனால் குழந்தையின் முகம் சின்னது. பெரியவர்களின் அளவை அப்படியே போட முடியாது. துளை இரண்டாக இருந்தால் ஒன்றின் நரம்பு மரத்தாலும் இன்னொன்று விழித்திருக்கும். "ஊசி போட்டும் வலிக்குது டாக்டர்" என்று பெரியவர் சொல்லிவிடுவார், குழந்தையால் சொல்ல முடியாது.

இடம் தவறினால் வேறு ஆபத்தும் உண்டு. கன்னத்துத் துளைக்குள் ஊசி ஆழமாகப் போனால், கண்குழியின் தரைக்குப் போகும் பாதை அது. அதனால்தான் டாக்டர்கள் ஒரு விரலைக் கண்குழி விளிம்பில் காவலாக வைத்துக்கொண்டு, துளையின் வாசலிலேயே மருந்தை விடுவார்கள்.

இரண்டு, விபத்து. சென்னையிலிருந்து சித்தூர், பலமநேர் வழியாக பெங்களூரு போகும் சாலையில் இரவில் பைக் ஓட்டியவர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. ஹெல்மெட் இல்லாமல், அல்லது முகத்தை மூடாத ஹெல்மெட்டோடு விழுந்தால் கன்ன எலும்பு உடையலாம். விழுந்த பிறகு கன்னமும் மேலுதடும் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தால், முறிவு கன்னத்துத் துளை வழியாகவோ அதன் அருகிலோ போயிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. எலும்பைச் சேர்த்து டைட்டானியம் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கும்போது, அந்த நரம்பு எங்கே வெளியே வருகிறது, ஒன்றா இரண்டா என்று அறுவை சிகிச்சை நிபுணருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நெற்றிப் பக்கமும் இப்படித்தான். மூளை அறுவை சிகிச்சைக்காக நெற்றித் தோலைக் கீழே இறக்கும்போது, திறந்த பள்ளமாக இருந்தால் நரம்பை மெதுவாக விடுவித்து நகர்த்திவிடலாம். முழுத் துளையாக இருந்தால் கீழ் விளிம்பு எலும்பைச் சின்னதாகச் செதுக்கி நரம்பை வெளியே எடுக்க வேண்டும். தெரியாமல் இழுத்தால் நரம்பு அறுந்துவிடும்.

மூன்று, பல் இம்ப்ளான்ட். ஐ.டி. வேலையில் இருக்கும் முப்பது வயதுக்காரர்கள்கூட இன்று சாதாரணமாகப் போட்டுக்கொள்கிறார்கள். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஒரு குழாயில் ஓடி, தாடைத் துளையில் வெளியே வருகிறது. சிலருக்கு அது துளையைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய், வளைந்து திரும்பி வந்து வெளியேறும். இந்த வளைவு எத்தனை மி.மீ. என்பது ஆளுக்கு ஆள் மாறும். இம்ப்ளான்ட் நுனிக்கும் நரம்புக் குழாய்க்கும் இடையில் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது பல் டாக்டர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் பாதுகாப்புக் கணக்கு. இரண்டு மி.மீ. என்பது ஒரு கிரெடிட் கார்டின் தடிமனைப் போல மூன்று மடங்குகூட இல்லை.

நரம்பு அடிபட்டால் என்ன ஆகும்? முகம் கோணாது. முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு, அது வேறு. சிரிக்கலாம், பேசலாம். ஆனால் கீழுதட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது தெரியாது. டீ சுட்டாலும் தெரியாது. ஷேவ் பண்ணும்போது முகவாய் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். சிலருக்கு மரத்துப்போவதோடு எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் சேர்ந்துகொள்ளும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் இதை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் இதை எப்படிக் கற்கிறார்கள்?

சித்தூர், 1953 அக்டோபர் வரை மெட்ராஸ் மாநிலத்தில் இருந்த மாவட்டம். அதற்கும் முன்னால், 1911 வரை, வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். இன்றும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஊர். வேலூர் பக்கத்திலேயே இருப்பதால் வைத்தியத்துக்காக எல்லை தாண்டுவது இங்கே தினசரி நடப்பது. திருப்பதியில் 1960-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 'ஸ்விம்ஸ்' வளாகத்தில் 2014-ல் தொடங்கிய பத்மாவதி பெண்கள் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்தூரில் 2016-ல் தொடங்கிய அப்போலோ மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இந்த மாதிரிக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர் முதலில் கையில் எடுப்பது எலும்பைத்தான். சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும் 'போன் செட்' பல ஹாஸ்டல் அறைகளில் உண்டு. உடற்கூறியல் துறையில் இருக்கும் உலர்ந்த மண்டை ஓடுகளை வைத்துத்தான் துளைகளை அளக்கும் ஆய்வுகளும் நாடு முழுக்க நடக்கின்றன. தேவைப்படுவது பெரிய இயந்திரம் இல்லை. ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிபர், பொறுமை, இரண்டு மூன்று முறை அளந்து சரிபார்க்கும் பழக்கம். கண்குழி விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு, எந்தப் பல்லுக்கு நேராக, துளை வட்டமா நீள்வட்டமா, எத்தனை துளை என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள்.

ஏன் ஒவ்வொரு வட்டாரத்திலும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்? ஓர் உதாரணம் போதும். ஐரோப்பியர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளில் தாடைத் துளை இரண்டு சின்னக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில்தான் அதிகம் காணப்பட்டது. இந்தியா உட்பட ஆசியாவில் நடந்த பல ஆய்வுகளில் இரண்டாவது சின்னக் கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே அதிகம் காணப்பட்டது. வித்தியாசம் சில மி.மீ.தான். ஆனால் ஊசி முனைக்கு அது போதும்.

அந்த மண்டை ஓடு யாருடையது?

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. அலமாரியில் இருக்கும் மண்டை ஓட்டுக்குப் பெயர் கிடையாது. ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த ஊர் என்பதும் பல நேரம் தெரியாது. அப்படியென்றால் 'இந்த வட்டார மக்களின் சராசரி' என்று சொல்வது எவ்வளவு சரி என்ற கேள்வி எழுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1951-ன் மெட்ராஸ் உடற்கூறியல் சட்டம், உரிமை கோர யாரும் இல்லாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குத் தர வழி செய்தது. அப்போது சித்தூரும் மெட்ராஸ் மாநிலத்தில்தான் இருந்தது. இன்னொரு பக்கம், பல பத்தாண்டுகளாக உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படித்த எலும்புகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானவை. 1985-ல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. யாரோ ஒரு ஏழையின் சம்மதம் கேட்கப்படாத உடலில்தான் பல தலைமுறை டாக்டர்கள் கற்றார்கள் என்பது சங்கடமான உண்மை.

தலையை அளப்பதற்கு நம் ஊரில் வேறொரு பழைய முகமும் உண்டு. 1885 முதல் 1908 வரை மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியா முழுக்கச் சாதி வாரியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். மனிதர்களை வகைபிரிக்க அளந்த காலம் அது. இன்று உடற்கூறியல் ஆய்வகத்தில் நடக்கும் அளவீட்டின் பயன் நேர் எதிரானது. எந்தக் கூட்டத்துக்குள்ளும் ஒவ்வொருவரும் வேறுபடுவார்கள் என்பதைத்தான் அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. உயிரோடு இருக்கும்போதே உடல் தானத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேன்களில் பெயரை நீக்கிவிட்டு, வயது, பாலினத்தை மட்டும் வைத்து அளக்கும் ஆய்வுகளும் வருகின்றன. பெயர் தெரியாத எலும்பு சொல்ல முடியாததை இவை சொல்லும்.

ஸ்கேன் எடுத்தால் போதாதா?

கிட்டத்தட்ட. ஆனால் எந்த ஸ்கேன் என்பது முக்கியம். பல் மருத்துவமனையில் தலையைச் சுற்றி வந்து எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும். விலை குறைவு, கதிர்வீச்சும் குறைவு. ஆனால் அது அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. சின்னக் கூடுதல் துளை அதில் கண்ணில் படாமல் போகலாம். 1990-களின் கடைசியில் பல் மருத்துவத்துக்கு வந்த கோன் பீம் சி.டி., எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும். நரம்புக் குழாய், முன் வளைவு, கூடுதல் துளை எல்லாம் அதில் தெரியும்.

அதற்காக ஒவ்வொரு பல் வலிக்கும் சி.டி. கேட்க வேண்டியதில்லை. கதிர்வீச்சு கூடும், செலவும் கூடும். பாதி ராத்திரியில் நெற்றி கிழிந்து வருபவருக்கு ஊசி போட ஸ்கேனுக்குக் காத்திருக்கவும் முடியாது. அங்கே டாக்டரின் விரலும், அவர் படித்த சராசரி அளவும், 'இவருக்கு மாறியிருக்கலாம்' என்ற சந்தேகமும்தான் கைகொடுக்கும். எங்கே தேட ஆரம்பிக்கலாம் என்பதை சராசரி சொல்லும். எங்கே இருக்கிறது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் அல்லது தாடை அறுவை சிகிச்சை என்றால், "நரம்பு எங்கே போகுது, எனக்கு எத்தனை மி.மீ. இடைவெளி இருக்கு, படத்தில் காட்ட முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். இது சந்தேகப்படுவது இல்லை. நல்ல டாக்டர் சந்தோஷமாகவே காட்டுவார்.

சம்மதப் படிவத்தில் 'உணர்ச்சி மாற்றம் ஏற்படலாம்' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதன் அர்த்தத்தைக் கேளுங்கள். எந்தப் பகுதி, தற்காலிகமா, நிரந்தரமாகவும் இருக்கலாமா?

ஊசியால் வந்த மரத்தல் சாதாரணமாகச் சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் உதடோ முகவாயோ மரத்தே இருந்தால் 'தானா சரியாயிடும்' என்று ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே சொல்லுங்கள். இம்ப்ளான்ட் நரம்பை அழுத்துகிறது என்றால் சீக்கிரம் எடுப்பது நரம்பு மீள உதவும்.

விபத்துக்குப் பிறகு கன்னம் மரத்திருந்தாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், வீக்கம் சின்னதுதானே என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த டாக்டருக்கு அது உங்கள் வீட்டு ஒயரிங் பிளான்.

ஒரு தடவை மறுபடியும் விரலைப் புருவத்தடியில் வைத்துப் பாருங்கள். பள்ளம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கத்தியோ ஊசியோ எடுக்கும் முன் உங்கள் டாக்டரும் அதே மாதிரி ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும். திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு முதலாண்டு மாணவர் இன்று காலிபரோடு எலும்பின் முன் உட்காருவது, பத்து வருடம் கழித்து அந்தத் தேடல் அவர் விரலுக்குப் பழக்கமாகிவிட வேண்டும் என்பதற்காகத்தான்.